‘டால் ஆர்டர்’ என்று எப்போது சொல்லலாம்? புதிதாக ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடினமான வேலையைச் சொல்ல ஆங்கிலத்தில் மரபுத்தொடருக்குப் பஞ்சமே இல்லை. பயிற்சிப் புத்தகங்களைத் திறந்தால் பத்துப் பதினைந்தை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் எதிரே ‘மிகக் கடினமான செயல்’ என்று ஒரே பொருளைப் போட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்ய அது வசதிதான். வாயைத் திறந்து பேசும்போதுதான் சிக்கல் வரும். எந்தக் கஷ்டத்துக்கு எந்தத் தொடர் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

கஷ்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யாரோ கேட்டதால் வந்த கஷ்டத்துக்கு ஒரு தொடர், விஷயமே சிடுக்காக இருந்தால் இன்னொன்று, நாமே இழுத்துப் போட்டுக்கொண்டதற்கு வேறொன்று. இதில் முதல் வகைக்கு உரியது ‘எ டால் ஆர்டர்’ (a tall order). அலுவலகப் பேச்சிலும் விளையாட்டுச் செய்தியிலும் ஓயாமல் வருகிற தொடர் இது. இதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை எங்கே பொருந்தும் என்பது தானாகப் புரியும். அதனால் இதை விரிவாகவும் மற்றவற்றைப் போகிற போக்கிலும் பார்ப்போம்.

முதலில் பொருளும் உச்சரிப்பும்

ஒருவர் நம்மிடம் ஏதோ கேட்கிறார், அல்லது எதிர்பார்க்கிறார். கேட்டது வழக்கமான அளவைத் தாண்டியிருக்கிறது. செய்து முடிப்பது ரொம்பக் கஷ்டம். ஆனாலும் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் டால் ஆர்டர். தமிழில் பேச்சுவாக்கில் சொல்வதென்றால், ‘லேசுப்பட்ட காரியமில்லை’, ‘பெரிய வேலையாகக் கொடுத்திருக்கிறீர்களே’ என்பவை இதற்கு மிக அருகில் வரும்.

‘டால்’ என்ற சொல்லுக்கு உயரம் என்ற பொருள் தெரிந்ததுதான். இங்கே அது ‘அளவுக்கு மீறிய’ என்ற பொருளில் வருகிறது. நம்ப முடியாதபடி அளந்துவிடும் கதையை ‘டால் ஸ்டோரி’, ‘டால் டேல்’ என்று சொல்வதும் இதே பொருளில்தான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சுவழக்கில் இந்தப் பொருள் தாராளமாகப் புழங்கியது. ‘ஆர்டர்’ என்பதை ராணுவக் கட்டளையாக நினைக்க வேண்டாம், சரக்கு வேண்டும் என்று கொடுக்கிற ஆர்டராக நினைத்தால் எளிதாகப் பிடிபடும். ஆர்டரை நிறைவேற்றுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபில்’ என்ற வினைச்சொல் உண்டு. அதனால்தான் சில இடங்களில் ‘எ டால் ஆர்டர் டு ஃபில்’ என்று நீட்டியும் சொல்வார்கள்.

உச்சரிப்பில் ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் ‘டால்’ என்று எழுதினாலும், பொம்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போல அதைக் குறுக்கிச் சொல்லக்கூடாது. உதட்டைச் சற்றுக் குவித்து நீட்டிச் சொல்ல வேண்டும். பந்துக்கான ‘பால்’, அழைப்புக்கான ‘கால்’ இரண்டோடும் எதுகையாக ஒலிக்கும். வேகமாகப் பேசும்போது இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ‘டாலார்டர்’ என்று காதில் விழும். பேச்சில் இதைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒட்டலால்தான் தவறவிடுகிறார்கள்.

படி 1: கேட்டவர் யார் என்று பாருங்கள்

இந்தத் தொடரைச் சொல்வதற்கு முன் மனதுக்குள் ஒரு கேள்வி: இதை யார் கேட்டார்கள்? பதில் இருந்தால் தொடர் பொருந்தும்.

1961 மே 25 அன்று அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் ஒரு கோரிக்கை வைத்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதரை நிலவில் இறக்கி, பத்திரமாகப் பூமிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அன்றைய தேதிக்கு அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பியிருந்தது ஒரே ஒருவரை. ஆலன் ஷெப்பர்ட், அதே மே மாதம் 5-ஆம் தேதி, ஏறக்குறைய 15 நிமிடப் பயணம். பூமியை ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, மேலே போய்க் கீழே இறங்கினார், அவ்வளவுதான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நிலவுக்குப் போய் வா என்றால், அது டால் ஆர்டர். கேட்டவர் இருக்கிறார், கேட்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கெடுவும் இருக்கிறது, கேட்டது கையிருப்புக்கு மீறியது. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கி, கெடுவுக்குள் திரும்பியும் வந்தார்கள்.

இதற்கு நேர் எதிரே ஒன்றை வைத்துப் பார்க்கலாம். 1637 வாக்கில் பியேர் தெ ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித ஆர்வலர், தான் படித்த ஒரு நூலின் ஓரத்தில் ஒரு கூற்றை எழுதி, அதற்கு அருமையான நிறுவல் தன்னிடம் இருப்பதாகவும், எழுத ஓரத்தில் இடம் போதவில்லை என்றும் குறித்து வைத்தார். அவருக்குப் பிறகு கணிதர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆண்ட்ரூ வைல்ஸ் 1994-இல் நிறுவலைச் சரிசெய்து முடிக்க, 1995-இல் அது அச்சில் வந்தது. நிலவுப் பயணத்தைவிட இது எளிது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இதை டால் ஆர்டர் என்றால் காதுக்கு இடறும். யாரும் யாரிடமும் இதைக் கேட்கவில்லை. கணக்கே கடினம். இதற்கு ‘எ ஹார்ட் நட் டு கிராக்’ என்பதுதான் சரி. நம் ‘இரும்புக் கடலை’தான் அது.

கேட்பவர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சூழ்நிலை கேட்டாலும் சரி. ஒரு சட்டம், ஒரு கால அட்டவணை, ஆட்டத்தின் நிலவரம் இவையும் ‘இவ்வளவு வேண்டும்’ என்று கேட்கும். அதனால்தான் விளையாட்டுப் பக்கங்களில் இந்தத் தொடர் இவ்வளவு அடிபடுகிறது.

படி 2: நடக்க வாய்ப்பிருக்கிறதா?

நடக்கவே முடியாததற்கு இந்தத் தொடரைச் சொல்ல வேண்டாம். சூரியனை மேற்கில் உதிக்கச் செய்வது டால் ஆர்டர் ஆகாது, விளையாட்டாகச் சொன்னால் ஒழிய. இலேசான வாய்ப்பாவது இருக்க வேண்டும்.

டெஸ்ட் கிரிக்கெட் இதற்கு நல்ல உதாரணம். நான்காவது இன்னிங்ஸில் 400 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தால்தான் வெற்றி என்றால், ஆங்கில வர்ணனையாளர் தயங்காமல் ‘டால் ஆர்டர்’ என்பார். நம் பத்திரிகைகள் ‘இமாலய இலக்கு’ என்று போடும். பொருளிலும் தொனியிலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் வேறு தமிழ்த் தொடர் எனக்குத் தெரிந்து இல்லை. 2003-இல் ஆன்டிகுவாவில் ஆஸ்திரேலியா வைத்த 418 ஓட்ட இலக்கை மேற்கிந்தியத் தீவுகள் அணி எட்டிப் பிடித்து வென்றது. இப்படி எப்போதாவது நடக்கும் என்பதால்தான் அது டால் ஆர்டர்.

இந்த இடத்தில் தமிழ்ப் பழமொழிகளைப் பொருத்திப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ‘குதிரைக்கொம்பு’ கிடைக்காததைச் சொல்வது. ‘கல்லில் நார் உரிப்பது’ இல்லாத இடத்தில் எடுக்கப் பார்ப்பது. ‘மணலைக் கயிறாகத் திரிப்பது’ நடக்காத காரியம். மூன்றும் டால் ஆர்டரைவிட ஒரு படி அதிகம். வேலையைச் சுமக்கிறவர் சின்னவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘குருவி தலையில் பனங்காய்’ நன்றாகவே ஒத்துவரும்.

படி 3: வாக்கியத்தில் வையுங்கள்

மூன்று அச்சுகள் போதும். முதலாவது, தனி மறுமொழி. யாராவது கேட்டதும், ‘தட்ஸ் எ டால் ஆர்டர்’ என்று சொல்வது. புதியவர்கள் இதிலிருந்து தொடங்கினால் தவறு வர வாய்ப்பே இல்லை.

இரண்டாவது, ‘இட்ஸ் எ டால் ஆர்டர் டு...’ என்று தொடங்கி வேலையைச் சொல்வது. ‘இட்ஸ் எ டால் ஆர்டர் டு ஃபினிஷ் திஸ் பை மண்டே’ என்றால், இதைத் திங்கட்கிழமைக்குள் முடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று பொருள்.

மூன்றாவது, வேலையை முன்னால் வைப்பது: ‘ஃபினிஷிங் திஸ் பை மண்டே இஸ் எ டால் ஆர்டர்’. யாருக்குக் கஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால் கடைசியில் ‘ஃபார்’ சேர்க்கலாம்: ‘...எ டால் ஆர்டர் ஃபார் எ டீம் ஆஃப் டூ’. இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அது பெரிய சுமை என்று அர்த்தம். எழுத்துக்கு இந்த மூன்றாவது அச்சு எடுப்பாக இருக்கும்.

‘இஸ்’ இருக்கிற இடத்தில் ‘சீம்ஸ்’, ‘லுக்ஸ்’, ‘மே ப்ரூவ்’ போன்றவற்றையும் போடலாம். கொஞ்சம் தணித்துச் சொல்ல ‘எ பிட் ஆஃப் எ டால் ஆர்டர்’, அழுத்திச் சொல்ல ‘குவைட் எ டால் ஆர்டர்’. முன்னதில் பிரிட்டிஷ் சாயல் உண்டு. கொஞ்சம்தான் கஷ்டம் என்பதுபோல ஒலித்தாலும், சொல்பவர் மனதில் ‘இது ரொம்ப அதிகம்’ என்றே இருக்கும்.

எங்கே தவறுகிறார்கள்? முதலில் அந்த ‘எ’. தமிழில் அப்படியொரு சொல் தேவையில்லை என்பதால் நாம் அதை விழுங்கிவிடுவோம். ‘தட்ஸ் டால் ஆர்டர்’ என்றால் பொருள் புரியும், ஆனால் உடைந்து கேட்கும். அடுத்தது, சொல்லை மாற்றுவது. ‘ஹை ஆர்டர்’, ‘லாங் ஆர்டர்’ என்று உயரத்துக்கும் நீளத்துக்கும் தாவக்கூடாது. ‘பிக் ஆர்டர்’ இன்னும் மோசம், ஏனென்றால் அதற்குச் சொந்தமாக ஒரு பொருள் இருக்கிறது. ‘வி காட் எ பிக் ஆர்டர்’ என்றால் பெரிய அளவில் சரக்கு கேட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர் சந்தோஷப்படுவார்.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. ஆளையோ பொருளையோ டால் ஆர்டர் என்று சொல்ல முடியாது. சமாளிக்க முடியாத ஒருவரைப் பற்றி ‘ஹீ இஸ் எ டால் ஆர்டர்’ என்றால் எடுபடாது. ‘தி எக்ஸாம் வாஸ் எ டால் ஆர்டர்’ என்பதும் நெருடும். தேர்வு ஒரு பொருள். படிக்காமல் அதில் தேறுவது ஒரு செயல், அதை டால் ஆர்டர் எனலாம். ‘எதைச் செய்வது?’ என்று கேட்டுப் பாருங்கள், வினைச்சொல்லோடு பதில் வந்தால் வாக்கியம் சரியாகப் போகிறது.

படி 4: தொனியைக் கவனியுங்கள்

அலுவலகத்தில் இதன் உண்மையான பயன் இங்கேதான். வியாழக்கிழமை சாயங்காலம், கிளம்பப் பையை எடுக்கும்போது மேலாளர் வந்து நிற்கிறார். 60 பக்கக் கையேடு, மொழிபெயர்த்துத் திங்கள் காலைக்குள் வேண்டும். உங்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

‘ஐ கான்ட்’ என்றால் கதவைச் சாத்தியதுபோல இருக்கும். உங்களால் முடியாது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். ‘தட்ஸ் எ டால் ஆர்டர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்டது அதிகம் என்று மரியாதையாகச் சொல்லியாயிற்று. பேச்சு உங்கள் திறமையை விட்டுக் கோரிக்கையின் அளவுக்கு நகர்கிறது. விவரம் தெரிந்த மேலாளர் இதை முக்கால் மறுப்பாகவே எடுத்துக்கொள்வார். ‘தட்ஸ் எ டால் ஆர்டர், பட் லெட் மீ சீ வாட் ஐ கேன் டூ’ என்றால், கஷ்டம்தான், ஆனால் பார்க்கிறேன் என்று அர்த்தம். இதைச் சொன்னபின் சனி, ஞாயிறு உங்கள் கையில் இருக்காது, அதையும் யோசித்துக்கொண்டு சொல்லுங்கள். நான்காவது, ‘தட்ஸ் எ டால் ஆர்டர் அன்லெஸ் வி கெட் ஒன் மோர் பெர்சன்’. இன்னும் ஒரு ஆள் கிடைத்தால் ஒழியக் கஷ்டம். பேரம் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

கேட்கிறவரும் இதைச் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘ஐ நோ இட்ஸ் எ டால் ஆர்டர், பட்...’ என்று தொடங்கி உதவி கேட்டால், நான் கேட்பது அதிகம் என்று எனக்கே தெரிகிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகும். ‘தப்பா நினைக்காதீங்க, பெரிய உதவிதான் கேட்கிறேன்’ என்று நாம் இழுப்போமே, அதே தொனி. இந்தத் தொடருக்கு இருக்கும் பயன்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கேட்கப்பட்டவருக்கு முகம் சுளிக்க வழியில்லாமல் போகிறது.

சொல்லக்கூடாத இடங்களும் உண்டு. வாடிக்கையாளர் தனக்கு உரியதைக் கேட்கும்போது இதைச் சொன்னால், கேட்டதே தப்பு என்று குத்திக்காட்டுவதாகிவிடும். ஒப்பந்தம், சட்டக் கடிதம், தேர்வுக் கட்டுரை போன்றவற்றில் ‘டிஃபிகல்ட்’, ‘சேலஞ்சிங்’ என்று நேராக எழுதுவதே மேல். மற்றபடி செய்தித்தாள், மின்னஞ்சல், கூட்டம், நண்பர்களோடு பேச்சு எல்லாவற்றிலும் இது தாராளமாகச் செல்லும். சின்ன விஷயத்துக்கு வேண்டுமென்றே சொல்லிக் கிண்டலும் செய்யலாம். வளர்ந்த பிள்ளையிடம் ‘படுக்கையை மடித்து வை’ என்று சொல்லிவிட்டு, ‘டால் ஆர்டர், ஐ நோ’ என்று அம்மா சேர்த்துக்கொண்டால் அது கேலி.

படி 5: பக்கத்து வீட்டுத் தொடர்களோடு ஒப்பிடுங்கள்

‘ஹெர்குலியன் டாஸ்க்’ உழைப்பின் அளவைச் சொல்வது. கிரேக்கப் புராணத்தில் ஹெர்குலிஸுக்கு இடப்பட்ட பன்னிரண்டு பணிகளில் ஒன்று, அவ்ஜியஸ் மன்னனின் மாட்டுத் தொழுவத்தை ஒரே நாளில் சுத்தம் செய்வது. 3,000 மாடுகள், 30 ஆண்டுகளாகக் கூட்டாத தொழுவம். அவர் இரண்டு ஆறுகளைத் திருப்பி உள்ளே விட்டுக் கழுவித் தள்ளினார். நம்மிடம் இருக்கும் ‘பகீரதப் பிரயத்தனம்’ இதற்குச் சரியான இணை. அங்கேயும் ஒரு நதிதான், பகீரதன் கங்கையை இறக்கினான். கடுமையான வேலை என்றாலே இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஆறு நினைவுக்கு வந்திருப்பது வேடிக்கைதான். ஹெர்குலிஸின் பணிகள் வேறொரு மன்னன் ஏவியவை என்பதால் டால் ஆர்டரும் ஆகும். ஆனால் அப்படிச் சொன்னால் ஏவியவனின் கோரிக்கை பெரிதாகத் தெரியும், ஹெர்குலியன் என்றால் செய்தவனின் உழைப்பு பெரிதாகத் தெரியும். கனமான தொடர், கோப்பு அடுக்கியதற்கெல்லாம் போடாதீர்கள்.

மேலே பார்த்த ‘ஹார்ட் நட்’ பழைய தொடர். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1745-இல், கனடாவில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த லூயிஸ்பர்க் கோட்டையைப் பிடிக்கப் படை போயிருந்த சமயத்தில், பாஸ்டனில் இருந்த தன் அண்ணன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பயன்படுத்துகிறார். அரண் கட்டிய ஊர்கள் உடைக்கக் கடினமான கொட்டைகள், உங்கள் பற்களுக்கு அந்தப் பழக்கமில்லையே என்று. அந்தக் கோட்டை அதே ஆண்டில் விழுந்தது வேறு விஷயம். புதிருக்கும், பிடிகொடுக்காத மனிதருக்கும், உடைக்க முடியாத தற்காப்பு ஆட்டத்துக்கும் இது பொருந்தும். டால் ஆர்டரை ஆளுக்குச் சொல்ல முடியாது என்றோமே, அந்த இடத்தில் இதைச் சொல்லலாம்.

மற்றவை சட்டென்று முடிந்துவிடும். ‘அப்ஹில் பேட்டில்’ என்றால் எதிர்நீச்சல். எதிர்ப்பு தொடர்ந்து இருக்க வேண்டும், நாள்கணக்கில் போராட வேண்டும். ‘ஹெர்டிங் கேட்ஸ்’ (பூனைகளை மேய்ப்பது) என்றால் தவளையைத் தராசில் நிறுத்துவது. வேலை கடினமில்லை, ஆட்கள் ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள். ‘பைட் ஆஃப் மோர் தேன் யூ கேன் ச்சூ’ என்பது அகலக்கால் வைப்பது. யாரும் கேட்கவில்லை, நாமே ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டோம். ‘ஈஸியர் செட் தேன் டன்’ யோசனைக்குச் சொல்லும் பதில். சொல்வது சுலபம், செய்து பாரும் என்பது.

படி 6: சொல்லிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றுக்கு எது பொருந்தும் என்று முதலில் நீங்களே யோசியுங்கள், அப்புறம் விடையைப் படியுங்கள்.

ஒரே வாரத்தில் கிடார் கற்றுக்கொண்டு விழாவில் வாசி என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். கேட்பவர் உண்டு, கெடு உண்டு, அளவு அதிகம். டால் ஆர்டர்.

குறுக்கெழுத்தில் கடைசிக் கட்டம் மட்டும் மூன்று நாளாக நிரம்பவில்லை. ஹார்ட் நட்.

முழுநேர வேலையோடு இரண்டு மாலை வகுப்புகளிலும் நீங்களே சேர்ந்துவிட்டு விழி பிதுங்கி நிற்கிறீர்கள். பைட் ஆஃப்.

பதினைந்து குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். ஹெர்டிங் கேட்ஸ். ‘ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனால், அந்த ஐந்து நிமிடம் டால் ஆர்டர்.

மாமா சொல்கிறார்: ‘தினமும் காலையில நாலு மணிக்கு எழுந்தா போதும், எல்லாம் சரியாயிடும்.’ இது யோசனை, ஆகவே ஈஸியர் செட் தேன் டன். அதே மாமா, ‘நாளையிலேர்ந்து நாலு மணிக்கு எழுந்து என்கூட நடக்க வரணும்’ என்றால் கோரிக்கை வந்துவிட்டது. இப்போது தாராளமாகச் சொல்லலாம், ‘தட்ஸ் எ டால் ஆர்டர், மாமா’.